ஒன்றா ஏழா

கம்பவுண்டர் பரீட்சை தேறி நான் முதன்முதலாக வேலைக்குப் போன இடம், திருவரங்குளத்துக்குத் தெற்கே சில மைல் தள்ளி இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி. யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கூடியவர்கள் அங்கே இன்னும் ஓரிருவர் இருக்கலாம்.

ஓட்டுக் கட்டடம், மூன்று அறைகள். முன் அறையில் டாக்டர், நடு அறையில் நான், பின் அறையில் மருந்துப் பெட்டிகளும் ஒரு தேளும். அந்தத் தேளை நானோ டாக்டரோ பார்த்ததில்லை. இருக்கிறது என்று எங்கள் சேவகர் சொல்வார். அந்த அறையைப் பெருக்காமல் இருப்பதற்கு அவருக்கு அது நல்ல காரணமாக இருந்தது. டாக்டர், நான், சேவகர், இவ்வளவுதான் ஆஸ்பத்திரி.

டாக்டர் கெட்டிக்காரர். நெஞ்சில் குழாயை வைத்து இரண்டு நிமிஷம் கேட்டாரென்றால் உள்ளே இருக்கும் கோளாறைப் பார்த்துவிட்டு வந்தது போலச் சொல்லுவார். ஆனால் ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேர் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் மருந்தின் பெயர்களையும் அளவுகளையும் எழுதிக்கொண்டிருந்தால் சாயங்காலம் ஆகிவிடும். அதனால் அவர் ஒரு வழி செய்து வைத்திருந்தார். அதிகம் தேவைப்படும் தண்ணீர் மருந்துகளைக் காலையிலேயே பெரிய கண்ணாடிப் புட்டிகளில் நான் கலக்கி வைத்துவிட வேண்டும். புட்டிகளுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர். டாக்டர் சீட்டில் நம்பரை மட்டும் எழுதுவார். சீட்டைப் பார்த்து நான் ஊற்றிக் கொடுக்க வேண்டும்.

ஒன்றாம் நம்பர் இருமலுக்கு. இரண்டு காய்ச்சலுக்கு. மூன்று வயிற்றுப்போக்குக்கு, நான்கு அதற்கு நேர்மாறான கஷ்டத்துக்கு. இப்படியே போகும். ஏழாம் நம்பர் தூக்க மருந்து. வலிப்பு வருகிறவர்களுக்கும், புத்தி பேதலித்து நாள்கணக்கில் கண் மூடாமல் இருப்பவர்களுக்கும் கொடுப்பது. மாதத்தில் இரண்டு முறை அதன் மூடியைத் திறந்தால் அதிகம்.

டாக்டர் ஒன்று என்ற எண்ணுக்குத் தலையில் ஒரு கொக்கி போடுவார். அவசரத்தில் அந்தக் கொக்கி நீண்டுவிடும். ஏழுக்கும் அதே கொக்கிதான், கோபமாக இருந்தால் அது குறுகிவிடும். ஆகவே அவசரத்தில் எழுதிய ஒன்றும் கோபத்தில் எழுதிய ஏழும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு இந்தச் சந்தேகம் வந்துவிட்டது. சீட்டை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போய், "சார், இது ஒண்ணா, ஏழா?" என்று கேட்டேன்.

டாக்டர் தலையை நிமிர்த்தினார். எதிரே பெஞ்சியில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கா சர்ட்டிபிகேட் குடுத்தாங்க? பக்கத்துலதான் பள்ளிக்கூடம் இருக்கு. ஒண்ணாங் கிளாஸ்ல கொஞ்ச நாள் உக்காந்துட்டு வா."

பெஞ்சி முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்கள் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போகவில்லை. வாரச் சந்தையில் கத்திரிக்காய் விற்கிறவர்கூட, "கம்பவுண்டரய்யா, ஏழு காய் போட்டிருக்கேன், எண்ணிப் பாத்துக்கங்க" என்று சொல்லும்படி ஆகிவிட்டது. அன்றைக்கே முடிவு செய்தேன், இனி இந்த ஜன்மத்தில் அவரிடம் போய் எதையும் கேட்பதில்லை என்று.

கேட்காமல் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்துக்கொண்டேன். நம்பரில் சந்தேகம் வந்தால் மருந்து கொடுக்கும் ஜன்னலில் நிற்கிற ஆளைப் பார்ப்பேன். இருமினால் ஒன்று. இருமாமல் மிரள மிரள விழித்தால் ஏழு. ஒன்றரை வருஷம் இந்த முறையில் ஒரு பிசகும் வரவில்லை. அல்லது வந்தது எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வருஷம், புதுக்கோட்டையிலிருந்து பெரிய டாக்டர் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. அதிலிருந்து எங்கள் டாக்டர் தரையில் நிற்கவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவரை ஒரு பக்கம் திட்டிக்கொண்டே மறு பக்கம் நோயாளிகளைப் பார்த்தார். தேள் அறையைக்கூடப் பெருக்கச் சொல்லிவிட்டார். தேள் இல்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு விவசாயி வந்தார். இரண்டு மைல் தூரத்தில் ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம். சீட்டை நீட்டினார். ஏழு மாதிரி இருந்தது. ஒன்றாகவும் இருக்கலாம் போல இருந்தது. வழக்கப்படி ஆளைப் பார்த்தேன். அவர் இருமவில்லை. கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது. சரி, ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று, "தூக்கம் எப்படி?" என்றேன்.

"தூக்கமே இல்லீங்க. ராத்திரி பூராவும் முழிப்புதான்."

போதாதா? ஏழாம் நம்பரை எடுத்தேன். அந்த ஆள் தூங்காததற்குக் காரணமே இருமல்தான் என்பதும், என் எதிரே நின்ற அந்த அரை நிமிஷம் அவர் மரியாதைக்காக இருமலை அடக்கிக்கொண்டிருந்தார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அந்தக் காலத்தில் புட்டியை நோயாளிகளே கொண்டுவர வேண்டும். அவர் ஒரு விளக்கெண்ணெய்ப் புட்டியைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். ஆறு வேளை மருந்தை ஊற்றி, காகிதத்தை ஆறு பல்லாக வெட்டிப் புட்டியின் பக்கவாட்டில் ஒட்டி, "ஒரு பல்லு ஒரு வேளை. தினம் மூணு வேளை" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் விடிவதற்கு முன்பே எழுந்து புட்டிகளையெல்லாம் துடைத்து அடுக்கினேன். சாப்பிடவில்லை. வெள்ளைக் கோட்டில் இரண்டு பித்தான் இல்லாததால் உள்பக்கமாக ஊசி குத்திக்கொண்டேன். காலையில் வந்தவர்களுக்கெல்லாம் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்கு முன்னதாகவே டாக்டர் பெரிய டாக்டரை எதிர்கொண்டு அழைத்து வர மெயின் ரோட்டுக்குக் கிளம்பிவிட்டார். "நான் வரும்போது ஆஸ்பத்திரி அமைதியா இருக்கணும். ஜன்னல்ல ஒரு சத்தம் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்த சிறிது நேரத்தில் ஜன்னலில் ஒரு அம்மாள் வந்து நின்றார். கண்டாங்கிச் சேலை, இடுப்பில் ஓலைக்கூடை. கூடையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து ஜன்னல் பலகையில் வைத்தார்.

"சீட்டு எங்கம்மா?" என்றேன்.

"சீட்டு வேணாங்க. மருந்தத் திருப்பிக் குடுக்க வந்தேன்."

என் அனுபவத்தில் யாரும் மருந்தைத் திருப்பிக் கொடுத்தது கிடையாது. காலிப் புட்டி வரும், அல்லது ஆளே வரமாட்டார்.

"எங்க வீட்டுக்காரவுகளுக்குச் செவ்வாக்கெழம நீங்க குடுத்தது. இருமலுக்குன்னு. இது இருமல் மருந்து இல்லீங்க."

வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன தடவ குடுத்தது பழுப்பா, புளித்தண்ணி மாதிரி இருந்துச்சு. அதிமதுர வாசன வந்துச்சு. இது ரோசாக் கலரு. நாக்குல வச்சா உப்புக் கரிக்குது, தொண்டயில எரியுது."

அந்த இடத்தில் நான் திரும்பிப் புட்டிகளைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் என் கண் வரிசையில்தான் இருந்தது. இருபது பேர் நின்றார்கள். அதில் கத்திரிக்காய்க்காரரும் ஒருவர்.

"டாக்டர் மருந்தை மாத்தி எழுதியிருப்பார். ஒவ்வொரு தடவையும் ஒரே மருந்தா குடுப்பாங்க?"

"சரிங்க. ஆனா இதக் குடிச்சவுக எந்திரிக்க மாட்டேங்கிறாகளே."

"என்ன சொல்றீங்க?"

"செவ்வாக்கெழம மத்தியானம் குடிச்சாக. ஒரு பல்லு பத்தாதுன்னு ரெண்டாக் குடிச்சாக, அவுக எதுலயும் அப்புடித்தான். குடிச்சுட்டு ஒக்காந்த எடத்துலயே சாஞ்சாக. மறுநா பொழுது சாயத்தான் கண்ணத் தொறந்தாக. மருந்து வேள தவறிப்போச்சேன்னு நான் ஒரு பல்லு ஊத்திக் குடுத்தேன். மறுபடியும் சாஞ்சுட்டாக."

வரிசையில் ஒருவர் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"சேதி கேட்டு நேத்து எங்க நாத்துனா வந்துட்டா. தலமாட்டுல ஒக்காந்து ஒப்பாரி வச்சா. அந்தச் சத்தத்துக்குத்தான் முழிச்சாக. முழிச்சு, யாரு செத்தான்னு கேட்டாக. நேத்து கண்மாய்த் தண்ணி எங்க முறைங்க. நாந்தான் மம்புட்டியத் தூக்கிட்டுப் போயி வாய்க்கா வெட்டிவிட்டேன். அதுக்குப் பெறகு இந்த மருந்த நான் குடுக்கல."

இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் மெயின் ரோட்டிலிருந்து எந்த நிமிஷமும் கார் வரலாம். ஜன்னலில் சத்தம் கேட்கக் கூடாது. "இருமலுக்கு ஓய்வு நல்லதுதாம்மா" என்று சொல்லி வைத்தேன்.

"அப்ப, இது சரியான மருந்துதான்?"

"சரியான மருந்துதான்."

"நீங்க ஒரு மொடக்குக் குடிங்க. நான் பேசாமப் போயிர்றேன்."

வரிசையில் யாரோ, "அதானே" என்றார்.

புட்டியில் மூன்று பல் மிச்சம் இருந்தது. அவுன்ஸ் கிளாஸை எடுத்து ஒரு பல் ஊற்றினேன். பயந்துகொண்டு குடிப்பது போல இருந்தது. இன்னொரு பல்லையும் சேர்த்து ஊற்றினேன். அந்த அம்மாளின் வீட்டுக்காரரும் நானும் அந்த விஷயத்தில் ஒரே ரகம். எல்லோரும் பார்க்கும்படி கிளாஸை உயர்த்தி வாயில் விட்டுக்கொண்டேன்.

நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது. ஏழாம் நம்பர். நானே கலக்கியது. அதன் உப்பும் எரிச்சலும் வேறு எதற்கும் கிடையாது. துப்பியிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே இருபது முகங்கள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தன. விழுங்கினேன்.

"எப்புடிங்க இருக்கு?" என்றார் அந்த அம்மாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.

உள்ளே திரும்பி, சீட்டுகளைக் குத்தி வைக்கும் கம்பியிலிருந்து செவ்வாய்க்கிழமைச் சீட்டைத் தேடி எடுத்தேன். இப்போது பார்த்தால் அது ஒன்றாகத்தான் தெரிந்தது. உப்புத் தண்ணீர் குடித்து வாந்தி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் கோட்டோடு வாந்தி எடுக்க முடியாது, முதலில் ஊசியைக் கழற்றுவோம் என்று முக்காலியில் உட்கார்ந்தேன். வெறும் வயிறு, விடியலுக்கு முன் எழுந்த உடம்பு. ஊசியைத் தேடிக்கொண்டிருந்தது வரைதான் எனக்கு ஞாபகம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சேவகரும் அந்த அம்மாளும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். ஒரே ஒரு விஷயத்தில்தான் இரண்டு பேர் கதையும் ஒத்துவரவில்லை. நான் முக்காலியிலிருந்து சரிந்தபோது சேவகர் தாங்கிப் பிடித்ததாகச் சேவகர் சொன்னார். சேவகர் அப்போது வாசலில் கார் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார், என்னைத் தாங்கியது பஞ்சு மூட்டைதான் என்று அந்த அம்மாள் சொன்னார்.

எது எப்படியோ, அந்த அம்மாள்தான் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே வந்தார். என்னைப் பெஞ்சியில் படுக்க வைத்து, ஒருக்களித்துத் திருப்பி, கோட்டைத் தளர்த்தினார். கூட்டம் உள்ளே வரப் பார்த்தது. "ஒண்ணுமில்ல, எல்லாரும் அங்கிட்டு நில்லுங்க" என்றார். "எங்க வீட்டுலயும் இப்புடித்தான். மூச்சு சீரா வரும், கொரட்ட கேக்கும், கூப்புட்டா ம்ம்னு சொல்லுவாக. கொரட்ட நின்னாத்தான் பயப்படணும்." ஏழாம் நம்பரைக் குடித்தவன் எப்படி இருப்பான் என்று அன்றைக்கு அந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது.

சேவகருக்குக் கவலை வேறு. வரிசை அப்படியே நிற்கிறது, பெரிய டாக்டர் வந்தால் என்ன நினைப்பார்? அவர் அவுன்ஸ் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு புட்டிகள் பக்கம் போனார்.

"நீங்க எங்க போறீக?" என்றார் அந்த அம்மாள்.

"மருந்து குடுக்கத்தான். கலரு எனக்குத் தெரியும்."

"படிச்சவரு எடுத்துக் குடுத்ததே இப்புடி. கிளாச வச்சுட்டு வந்து இந்தத் தம்பிக்கு விசுறுங்க."

சேவகர் கிளாஸை வைத்துவிட்டு விசிறினார். இருபது பேரில் ஒருவரும் போகவில்லை. மருந்தை மறந்துவிட்டு, கம்பவுண்டர் எப்போது எழுந்திருப்பார் என்று நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் டாக்டர் கேட்டது போலவே ஆஸ்பத்திரி அமைதியாக இருந்தது. என் குறட்டையைத் தவிர.

பத்தரை மணிக்குச் செம்மண் புழுதியோடு கார் வந்து நின்றது. பெரிய டாக்டர் நன்றாகப் பருத்தவர், மெதுவாகப் பேசுகிறவர். எங்கள் டாக்டர் அவரை மரியாதையாக முன்னே விட்டுப் பின்னால் வந்தார். நடு அறையில் பெஞ்சியில் கம்பவுண்டர். தலைமாட்டில் கண்டாங்கிச் சேலையில் ஒரு அம்மாள். சேவகர் விசிறிக்கொண்டிருக்கிறார்.

"குடிச்சிருக்கான் சார்" என்றார் எங்கள் டாக்டர். அவர் முகம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிட்டதாம்.

"குடிச்சாருதாங்க" என்றார் அந்த அம்மாள். "நாந்தான் குடிக்கச் சொன்னேன்."

பெரிய டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் நாடியைப் பிடித்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். அந்த அம்மாளிடம், "நீங்க சொல்லுங்கம்மா, முதல்ல இருந்து" என்றார். அந்த அம்மாள் செவ்வாய்க்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார், நாத்தனாரின் ஒப்பாரி உட்பட. பெரிய டாக்டர் புட்டியில் மிச்சமிருந்த ஒரு பல்லை முகர்ந்து பார்த்தார். என் கையிலிருந்து சீட்டை உருவினார்.

"இது ஏழுதானே?" என்று எங்கள் டாக்டரைக் கேட்டார்.

"இல்லை சார். ஒண்ணு."

பெரிய டாக்டர் கம்பியிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்தார். "அப்போ இது ஒண்ணு."

"அது ஏழு சார்."

"அப்படியா?" என்று சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்டினார். "வழக்கமா எழுதுற வேகத்துல அஞ்சு ஒண்ணும் அஞ்சு ஏழும் எழுதுங்க."

எங்கள் டாக்டர் எழுதினார். பெரிய டாக்டர் அதைப் பத்துத் துண்டாகக் கிழித்து, ஒவ்வொன்றின் பின்புறமும் எது என்று கேட்டுக் குறித்து, கலைத்து, தன் தொப்பிக்குள் போட்டுக்கொண்டார். பிறகு மற்ற வேலைகளைப் பார்த்தார். கணக்கு நோட்டு, கத்திகள், கட்டுத்துணி, தேள் அறை எல்லாவற்றையும் பார்வையிட்டார். காத்திருந்த இருபது பேருக்கும் அவரே நின்று எங்கள் டாக்டர் கையால் மருந்து ஊற்றிக் கொடுக்க வைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொப்பியிலிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் டாக்டரிடம் காட்டி என்னவென்று கேட்டார். தன் கையெழுத்திலேயே பத்தில் மூன்றை அவர் மாற்றிச் சொன்னார்.

நான் கண் விழித்தபோது மூன்று மணி இருக்கும். பெரிய டாக்டரின் விரல்கள் என் மணிக்கட்டில் இருந்தன. "ஏழு, சார்" என்றேன். அதுதான் என் முதல் வார்த்தை என்று சேவகர் வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார் பெரிய டாக்டர். "சீட்டைப் பார்த்தப்போ உனக்குச் சந்தேகம் வந்துதா?"

"வந்துது சார்."

"போய்க் கேக்க எவ்வளவு தூரம்?"

"பக்கத்து ரூம்தான் சார்."

"ஏன் கேக்கலே?"

எங்கள் டாக்டர் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். உள்ளே இன்னும் கால் பங்கு மருந்து மிச்சம் இருந்ததோ என்னவோ, நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. "பயமா இருந்தது சார். ஒருதரம் கேட்டேன். ஒண்ணாங் கிளாசுக்குப் போகச் சொன்னார்."

எங்கள் டாக்டர் வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார். அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. ஒன்றரை வருஷமாக அவர் என்னைத் திட்டியபோதுகூட அப்படி இருந்ததில்லை.

அந்த அம்மாள் எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். "குடிங்க தம்பி. இப்ப பசிக்கும். எங்க வீட்டுல அவுக முழிச்சதும் ஒரு சட்டி கஞ்சி குடிச்சாக." சொன்னபடியே பசித்தது.

பெரிய டாக்டர், வீட்டிலிருக்கும் நோயாளியைப் பார்க்க வேண்டும் என்றார். நான்கு பேரும் காரில் ஏறினோம். அந்த அம்மாள் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்கிட்டுத் திரும்புங்க, மேடு பாத்து, மெதுவா" என்று மாட்டுவண்டிக்காரருக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் நான் இரண்டு டாக்டர்களுக்கும் நடுவில். எவ்வளவோ அடக்கிப் பார்த்தும் கண் சொருகி, தலை எங்கள் டாக்டரின் தோளில் சாய்ந்துவிட்டது. இரண்டு முறை நிமிர்த்தி வைத்தார். மூன்றாம் முறை விட்டுவிட்டார்.

வீட்டில் அந்த மனிதர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுமாவடிக் கருவாட்டைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கோட்டுப் போட்ட மூன்று பேர் காரிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்ததும் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னங்க, எனக்கு அம்புட்டு மோசமாவா இருக்கு?" என்று மனைவியைக் கேட்டார்.

"ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. மருந்துலதான் கோளாறு."

நடந்ததைப் பெரிய டாக்டர் அவருக்கு விளக்கினார். அந்த மனிதர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த மருந்தக் கொற சொல்லாதீகய்யா" என்றார். "கண்ணாலம் ஆன நாள்லேருந்து நான் இப்புடித் தூங்குனதில்ல."

"இருமல் எப்படி இருக்கு?"

"அது இருக்குதுங்க. மூணு நாள் தூங்குனதுல அதுக்கும் நல்ல தெம்பு வந்துருச்சு." சொல்லி முடிப்பதற்குள் இருமினார். கட்டில் ஆடியது.

எங்கள் டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் நெஞ்சில் குழாயை வைத்தார். வழக்கமான இரண்டு நிமிஷம் இல்லை, பத்து நிமிஷம் கேட்டார். பிறகு குழாயை மடித்துக்கொண்டே, "எழுத்து என்னுது. தப்பு என்னோடது" என்றார்.

"நான் கேட்டிருக்கணும்" என்றேன் நான்.

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டீக" என்றார் அந்த அம்மாள். "இப்ப சரியான மருந்தக் குடுங்க."

எங்கள் டாக்டர் சீட்டு எழுதினார். எண் போடவில்லை. "ஒன்று" என்று தமிழில் முழுசாக எழுதி, கீழே "இருமல்" என்றும் எழுதினார். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம் நீட்டி, உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். பெரிய டாக்டர் பக்கம் திரும்பி, "சரியாப் படிச்சாரா?" என்று கேட்டுக்கொண்டார்.

பெரிய டாக்டர் புதுக்கோட்டைக்குத் திரும்பியதும் எழுத்து மூலம் உத்தரவு வந்தது. எங்கள் இருவருக்கும் வேலை போகவில்லை. இனி மருந்தை எண்ணால் எழுதக் கூடாது, எழுத்தால் எழுத வேண்டும். மருந்து கொடுக்குமுன் கம்பவுண்டர் நோயாளியின் பெயர், ஊர், என்ன நோவு என்று கேட்டு, சீட்டோடு சரி பார்த்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்ல வேண்டும். நோயாளி அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் புட்டி கை மாற வேண்டும்.

நல்ல உத்தரவுதான். ஆனால் ஜன்னல் ஒன்று, வரிசை நீளம். ஒருவர் நோவைச் சொன்னால் பின்னால் நிற்கிற முப்பது பேருக்கும் கேட்கும். நான்காம் நம்பர் மருந்து வாங்க வந்த ஒரு பெரிய மனிதர், என்ன நோவு என்று நான் கேட்டதும், "அதான்" என்றார். எதுதான் என்றேன். "அதுதான்யா, நாலு நாளா இல்ல" என்றார். எது நாலு நாளாக இல்லை என்று பின்னாலிருந்த ஒருவர் உண்மையான அக்கறையோடு விசாரித்தார். மறுநாள் அந்தப் பெரிய மனிதர் ஒரு கோணிச் சாக்கைக் கொடுத்தனுப்பி, ஜன்னலுக்குப் பக்கத்தில் மறைப்பாகக் கட்டச் சொன்னார். கட்டினோம். அதற்குள் தலையை விட்டு ரகசியம் பேசுவது எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. நோவைச் சொல்லி முடித்தவர்கள் மாமியாரைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார்கள்.

வரிசையும் பழகிவிட்டது. நான் புட்டியை எடுக்கும்போதே, "அய்யா, இருமலுக்குப் பழுப்புல்ல?" என்று பின்னாலிருந்து குரல் வரும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு இரண்டு முறை அந்தக் குரல் சரியாகச் சொன்னது. எரிச்சலை விட்டுவிட்டேன்.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு தாய் கைக்குழந்தையோடு ஜன்னலுக்கு வந்தாள். குழந்தைக்கு எட்டு மாதம், வயிற்று வலியாம், கத்திக்கொண்டே இருந்தது. சீட்டை வாங்கிப் பார்த்தேன். அபினி கலந்த சொட்டு மருந்து, பத்துச் சொட்டு. முத்து முத்தாக, ஒரு எழுத்துக்கூடச் சந்தேகப்பட இடமில்லாமல் எழுதியிருந்தது. அவ்வளவு தெளிவான சீட்டை அவர் எழுதி நான் பார்த்ததே இல்லை. பத்துச் சொட்டு ஒரு பெரிய ஆளுக்கு உரிய அளவு. அந்தக் குழந்தை அதைக் குடித்தால் அந்த விவசாயி மாதிரி கஞ்சி கேட்டுக்கொண்டு எழுந்திருக்காது.

முன் அறைக்கும் என் அறைக்கும் பத்தடி தூரந்தான். அன்றைக்கும் என் கால் தயங்கத்தான் செய்தது. பெஞ்சியில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். உள்ளே போய்ச் சீட்டை மேஜையில் வைத்தேன்.

"சார், இது கைக்குழந்தைக்கு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அதற்கு முன்னால் வந்துபோன கிழவருக்கு எழுத வேண்டியதை இந்தச் சீட்டில் எழுதியிருந்தார். சீட்டை நான்காகக் கிழித்தார். புதிய சீட்டு எழுதினார். அதை என்னிடம் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "அந்தக் கிழவர் என்ன வாங்கிட்டுப் போனார்?" என்று கேட்டார்.

"இன்னும் போகலை சார். குழந்தை அழுதுன்னு வழி விட்டுட்டு வரிசையிலதான் நிக்கிறார்."

"இன்னிக்குக் காலையிலேருந்து எத்தனை சீட்டு?"

"நாற்பது இருக்கும் சார்."

"எல்லாத்தையும் எடுத்துட்டு வா. கதவைச் சாத்து."

நாற்பதையும் ஒவ்வொன்றாக நான் படித்தேன், அவர் கேட்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மற்றவை சரியாக இருந்தன. கிழவருடையதை வாங்கித் திருத்தினோம். வெளியே வரிசை முணுமுணுத்தது. முடிந்ததும் டாக்டர் சேவகரைக் கூப்பிட்டு, கிளப்புக் கடையிலிருந்து இரண்டு காப்பி வாங்கிவரச் சொன்னார். ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த ஆளை வரச் சொன்னார்.

குழந்தைக்கு அவர் புதிதாக எழுதியது ஓமத் தண்ணீர். ஜன்னலுக்குத் திரும்பிப் போய் ஊற்றிக் கொடுத்து, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். அந்தத் தாய் சரியாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"இது ஓமந்தானுங்களே? எங்க வீட்டுலயே கெடக்குது."

"ஆமாம்மா."

"இதுக்கா இம்புட்டு நேரம் கதவச் சாத்திக்கிட்டு இருந்தீக?" என்று கேட்டுவிட்டு, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.